புளிய மரத்தை ஏன் குத்தகைக்கு விடவில்லை

ஒடுகத்தூர்,
பங்குனி மாசம்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நல்லா இருக்கிறோம். பேத்திக்குச் சளி விட்டதா? அன்றைக்குப் போனில் நீ கேட்டபோது வீட்டில் ஆள் இருந்ததால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. "இந்த வயசில் எதுக்கும்மா இந்தப் பாடு, மரத்தைக் குத்தகைக்கு விட்டுடு" என்றாய். விட மனசில்லை கண்ணு. காரணத்தை எழுதுகிறேன்.

குத்தகைக்காரர் ஆள் கூட்டி வந்தால் ஒரே நாளில் அடித்து முடித்துவிட்டுப் போகவேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை, கூலி கொடுப்பவருக்கு அதுதான் கட்டும். ஆனால் மரம் ஒரே நாளில் பழுப்பதில்லையே. வெயில் படுகிற கிளையில் மாசியிலேயே பழம் ஓடு விட்டிருக்கும். உள்கிளையில் இன்னும் செங்காய்தான். கோலால் அடித்தால் எல்லாம் சேர்ந்து விழும். செங்காயின் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது, பானையில் சேர்ந்தால் மற்றதையும் கெடுக்கும். அதைவிட எனக்குப் பொறுக்காதது, அடுத்த பருவம் பூக்க வேண்டிய நுனிக்கொம்புகள் ஒடிவதுதான். வைகாசி, ஆனியில் பூத்து எட்டு ஒன்பது மாசம் சுமக்கிற மரம் அது. ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் ஓய்ந்துவிடும் சுபாவமும் உண்டு. அதை நாமும் அடிக்கலாமா?

பழுத்தது எது என்று பார்ப்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், பேத்திக்குச் சொல்லிக்கொடு. பழுத்ததும் சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகிவிடும். விரலால் அழுத்தினால் ஓடு நொறுங்கும், அசைத்தால் உள்ளே லொட லொட என்று கேட்கும். அந்தக் கிளையை மட்டும் உலுக்கச் சொல்கிறேன். கீழே தார்ப்பாய் விரித்துவிட்டால் மண் ஒட்டாது. எட்டாததற்குத் தொரட்டி. மிச்சத்தை விட்டுவிட்டு அப்புறம் திரும்ப உலுக்குகிறோம். அவ்வளவுதான் பாடு.

வெயிலில் காயவைத்து ஓடு தட்டுவது அப்பா வேலை. நார் உரித்து, அரிவாள்மனையில் கீறிக் கொட்டை எடுப்பது எனக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும். மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியவில்லை. விரலில் கீறல் இருந்தால் புளி எரியும், ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறேன். பழத்தின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் சதை, மூன்றில் ஒரு பங்கு கொட்டையே போய்விடும். அதுவும் வீணில்லை, நூலுக்குக் கஞ்சி போட அரைக்கிறார்கள் என்று வியாபாரி வந்து வாங்கிப்போகிறார். கொஞ்சம் வறுத்து வைத்திருக்கிறேன், உனக்குப் பிடிக்குமே.

எடுத்த புளியை மறுபடி ஒரு வெயில் காட்டி, கல்லுப்பு தூவி, காற்றுக்கு இடம் இல்லாமல் மண்பானையில் அழுத்தி அடைத்திருக்கிறேன். உப்பு இருந்தால் பூச்சி வராது. இப்போது செக்கச்செவேல் என்று இருக்கிறது. நாளாக ஆகக் கறுக்கும், அது கெட்டுப்போனதில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. ரசத்துக்குப் புதுப்புளி, வத்தக்குழம்புக்குப் பழசு. போன முறை நீ வாங்கி வைத்திருந்த பாக்கெட் புளியில் நாரும் ஓட்டுத்தூளும் பார்த்தேன். வீட்டில் மரம் இருக்க, என் மகள் அதைக் கரைத்துக் குழம்பு வைக்கவேண்டாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை நம்ம புளியில் போட்டு எண்ணெய் மிதக்க வதக்கினால்தான் அந்தக் காய்க்கே மரியாதை.

உள்கிளை பழுக்கச் சித்திரைப் பிறப்பு ஆகிவிடும். பிள்ளைக்கு லீவு விட்டதும் பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறிவிடுங்கள், அந்த உலுக்கலுக்கு நீங்கள் இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேர் மட்டுமாவது வாருங்கள். புளி எடுத்துப்போக மூடி போட்ட பீங்கான் ஜாடி கொண்டு வா. அலுமினியம், பித்தளை எதுவும் ஆகாது, புளிப்பு அரித்துவிடும்.

அன்புடன்,
அம்மா