வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஓசூர் வட்டாரத்து ஆங்கில வழிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில் என் மகளின் வகுப்பாசிரியை அக்கறையோடுதான் சொன்னார்: "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். இத்தனை மொழி காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிவிடுவாள்." வெளியே வந்து விசாரித்தேன். வேறு பள்ளிகளிலும் இதே அறிவுரைதானாம். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கன்னடம். ஒரு நாள் அந்தப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, நாளைக்கு 'நாவு' மைசூருக்குப் போகிறோம் என்றார். என் மகள் துள்ளிக் குதித்தாள். சட்டென்று நின்று என் முந்தானையை இழுத்தாள்: "அம்மா, பாட்டி சொன்ன நாவு, மனமா, மேமா?"

கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் தெலுங்கில் 'மனம்', விட்டுவிட்டுச் சொன்னால் 'மேமு'. தமிழில் நாம், நாங்கள். இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். ஆங்கிலத்திலும் 'வி' ஒன்றுதான். இலக்கணம் எதுவும் படிக்காத ஏழு வயதுப் பிள்ளை, தன்னைச் சேர்த்துச் சொன்னார்களா என்ற ஐயத்தை ஒரு சொல்லுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துவிட்டாள். ஒரு மொழியை இன்னொரு மொழியின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்த யோசனை அது. இதையா குழப்பம் என்கிறீர்கள்?

உங்கள் அச்சம் பழையது. 1923இல் வேல்ஸ் நாட்டு ஆய்வொன்று இருமொழிப் பிள்ளைகள் அறிவில் பின்தங்குவதாகச் சொன்னது. ஆனால் 1962இல் கனடாவின் மான்ட்ரியாலில் பீல், லாம்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குடும்ப வசதியில் ஒத்த பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, இரு மொழியிலும் தேர்ந்தவர்களே முன்னால் நின்றார்கள். ஐதராபாத்தில் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவு இன்னும் நெருக்கமானது: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் ஏறக்குறைய நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. பல மொழி பேசினால் கவனத்திறன் கூடும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் சில ஏற்கவில்லை, உண்மைதான். அதற்காகப் பிள்ளை குழம்பும் என்று ஆகிவிடாது.

ஆங்கிலத்தை நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். அதற்குத்தானே உங்களிடம் அனுப்புகிறோம். ஆனால் என் ஆங்கிலத்தில் வா, சாப்பிடு, தூங்கு என்பதைத் தாண்டி அதிகம் பேச முடியாது. நிலா ஏன் கூடவே வருகிறது, தாத்தா ஏன் செத்துப்போனார் என்று அவள் இரவில் கேட்பதற்கெல்லாம் என்னிடம் தெலுங்கில்தான் பதில் இருக்கிறது. அந்தப் பேச்சை நிறுத்தினால் அவள் கேட்பதையே நிறுத்திவிடுவாள்.

பெற்றோரிடம் இந்த அறிவுரையைச் சொல்வதை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள். இடைவேளையில் தெலுங்கோ கன்னடமோ பேசிய பிள்ளையைத் தண்டிக்காதீர்கள். 'வி' என்ற சொல்லை நடத்தும் நாளில், "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று வகுப்பைக் கேளுங்கள். என் மகள் கை தூக்குவாள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
ஓசூர்