அத்தோவைப் படம் பிடிக்க வரும் சமையல் சானல்காரர்களுக்கு

தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

பர்மா பஜார் பக்கம் நீங்கள் எடுக்கும் வீடியோக்களை நானும் விடாமல் பார்க்கிறேன். அத்தோ என்கிற ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கடைக்காரர் கையால் பிசைவது, பேஜோ என்கிற பருப்புத் தட்டையை நொறுக்கிப் போடும் சத்தம், உடனே "வேற லெவல்". சரி, நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் பார்த்த வரையில், "இதை உங்க வீட்டில் எப்படிச் செய்வீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு வியாசர்பாடி. 1962இல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளெல்லாம் அரசுடைமையாகி, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று சொன்ன பிறகு கப்பலேறி மெட்ராஸ் வந்தவர்களில் எங்கள் ஆயாவும் உண்டு. (அங்கே இருந்த காலத்தில் 'கலா', அதாவது இந்தியாக்காரங்க, என்றார்கள், இங்கே வந்ததும் 'பர்மாக்காரங்க'.)

பர்மாவில் மொகிங்கா என்றால் கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், வாழைத்தண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு. இங்கே எலுமிச்சைப்புல் எங்கள் மார்க்கெட்டில் கிடைக்கவில்லை, மீனுக்குத் தினமும் காசும் இல்லை. மிஞ்சியது வாழைத்தண்டு. ஆயா அதை வட்டமாக நறுக்கிக்கொண்டே வரும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கும். இஞ்சியைக் கொஞ்சம் கூடத் தட்டிப் போடும். கடலைமாவை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, கரைத்து ஊற்றும். இன்று அத்தோ கடையில் நீங்கள் குடிக்கும் வாழைத்தண்டு சூப் இருக்கிறதே, அதன் சொந்தக்காரி அந்த மொகிங்காதான்.

அத்தோவும் அப்படித்தான். 'அதோக்' என்றால் பர்மிய மொழியில் கையால் பிசைந்து கலந்தது. பேஜோவில் 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. அங்கே ஊற்றும் மீன்சாறு இங்கே இல்லை, புளித்தண்ணீரும் உப்பும்தான். பொட்டுக்கடலை மாவு, பூண்டு பொரித்த எண்ணெய், பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் கடையிலும் உண்டு. எங்கள் வீட்டில் ஒன்று கூடுதல்: சென்னாக்கூனி என்கிற குட்டி இறால் கருவாட்டை வறுத்து அம்மியில் பொடித்து, கடைசியில் ஒரு பிடி தூவுவது. அங்கே தூவும் காய்ந்த இறால் தூளுக்கு ஆயா கண்டுபிடித்த மாற்று. நான் பார்த்த கடைகளில் இதைக் கண்டதில்லை, சைவம் சாப்பிடுகிறவர்களும் வருகிற இடம் அது.

அதனால் "அசல் பர்மா சுவை" என்று தலைப்பு வைக்காதீர்கள். யாங்கூன் போய்வந்துவிட்டு "இது அசலே இல்லை" என்று இன்னொரு வீடியோ போடுகிறவர்களும் கொஞ்சம் அடங்குங்கள். செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி பரிமாறுகிறார்கள், அதுவும் பர்மாவிலிருந்து வந்ததுதான், அதை யாராவது அசலா நகலா என்று கேட்கிறார்களா? எங்கள் சமையலிலும், இங்கே எது கிடைக்கவில்லை, அதற்குப் பதில் எதைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி இருக்கிறது, மணிப்பூரில் பர்மா எல்லையிலுள்ள மோரே வரை நம் ஆட்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் பதில் வேறாக வரும்.

நானே கேட்காமல் விட்டவள்தான். அளவு கேட்டால் ஆயா "கை சொல்லும்" என்று முடித்துவிடும், நானும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது நான் கரைக்கும் கடலைமாவு கட்டி தட்டுகிறது, சென்னாக்கூனி ஒன்று பச்சை வாடை அடிக்கிறது அல்லது கருகிப்போகிறது. எதிர்வீட்டு அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கேமராவைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். முதல் நாள் வெறுங்கையோடு வாருங்கள். காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் வந்தால் தண்டு நறுக்கி முடித்திருப்பார்.