நீலக்குறிஞ்சி வளரும் புல்வெளிகளைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மேல்மலைப் பொதுமக்கள்,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
கொடைக்கானல் வனக்கோட்டம்.

பொருள்: பூக்காத ஆண்டுகளிலும் நீலக்குறிஞ்சிச் செடிகளைப் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மலையில் 2018-ஆம் ஆண்டு பூத்த நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சிப்படி 2030-இல் மீண்டும் பூக்க வேண்டும். அன்று பூக்கவிருக்கும் செடிகள் இப்போதே சரிவுகளில் வளர்ந்துகொண்டிருப்பதால், இம்மனுவை இன்றே தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்த இப்புதர்ச்செடி, கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல், சோலைக்காடுகளை ஒட்டிய திறந்த புல்வெளிகளில் வளர்வது. எதிரெதிராக அமைந்த, ரம்பம் போன்ற விளிம்புடைய இலைகளைத் தவிர, பூக்காத ஆண்டுகளில் அதை இனங்காட்ட வேறு அடையாளம் அதிகம் இல்லை. ஆகவே பாதை ஒதுக்கும்போதும் நிலம் திருத்தும்போதும் வெறும் புதரென்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு செடியும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கிறது. மணி வடிவ நீலப்பூக்களில் தேனீக்கள் மொய்த்து மகரந்தம் சேர்த்து, காய் முற்றி வெடித்து விதை சிதறியதும் செடி பட்டுப்போகும். பூக்குமுன் வெட்டப்படும் செடி விதையே விடாமல் அழிகிறது என்பதால், அந்த இழப்பு அடுத்த தலைமுறைச் செடிகளையும் சேர்த்தே பாதிக்கிறது.

வெட்டுவதைவிடப் பெரிய கேடு வாட்டில் எனப்படும் சீகை மரங்களால் வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மரங்கள் புல்வெளிக்குள் பரவி நிழல் கவிய, வெயில் வேண்டி நிற்கும் குறிஞ்சி அங்கே தழைப்பதில்லை. சீகை விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடந்து, மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும் கூட்டமாக முளைப்பதால், ஒருமுறை அகற்றுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களுக்கான மூன்றாம் அட்டவணையில் சேர்த்துள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் 2024-இல் இதனை அழிவாய்ப்பு இனமாக அறிவித்துள்ளது. குறிஞ்சி ஆண்டவரை வணங்கும் மலையில் இச்செடி அருகிப்போவதை எங்களால் தாங்க இயலாது.

எனவே, குறிஞ்சி உள்ள சரிவுகளைக் கள ஆய்வு செய்து எல்லை குறிக்கவும், அங்கு முளைக்கும் சீகைக் கன்றுகளை எந்திரங்களைத் தவிர்த்து, உள்ளூர் மக்களைக் கொண்டு ஆண்டுதோறும் கையால் பிடுங்கவும், அப்புல்வெளிகளில் மரக்கன்று நடுவதையும் வாகனங்கள் நுழைவதையும் தடை செய்யவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். செடி நிற்கும் இடங்களைக் காட்ட எங்கள் ஊர்ப் பெரியவர்களும் மேய்ச்சல்காரர்களும் தங்கள் பணியாளர்களுடன் வரத் தயாராக உள்ளனர்.

இப்படிக்கு,
மேல்மலைப் பொதுமக்கள்