பள்ளி மைதானத்துக்கும் மன்றங்களுக்கும் கை கொடுங்கள்

நம்ம ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கும், இப்போது பிள்ளைகளை அங்கே அனுப்புகிறவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வணக்கம். சுற்றி வளைக்கவில்லை, பணம் வேண்டும். எதற்கு என்று சொல்லிவிடுகிறோம்.

குழுக் கூட்டத்துக்கு வருகிற புகார்கள் பெரும்பாலும் ஒரே ரகம்: அவன் அடித்தான், இவள் நோட்டைக் கிழித்தாள், வகுப்பில் உட்காரவே மாட்டேன் என்கிறான். முக்கால்வாசி சண்டை மதிய இடைவேளையில்தான் முளைக்கிறது. முளைக்காமல் என்ன செய்யும்? மைதானத்தில் பாதி சீமைக்கருவேலம், மீதி பாதி மழை பெய்தால் குட்டை. விளையாட்டு பீரியட் கால அட்டவணையில் இருக்கும், பரீட்சை நெருங்கினால் கணக்குக்குப் போய்விடும். சேட்டை பண்ணினால் "இன்னைக்கு உனக்கு விளையாட்டு கிடையாது" என்பதுதான் முதல் தண்டனை. ஓடித் தீர்க்க வேண்டிய பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அடுத்த பீரியடில் ஏன் துள்ளுகிறான் என்று கேட்கிறோம். இடைவேளையைத் தண்டனையாகவோ பாடத்துக்காகவோ பறிக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013லேயே சொல்லியிருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன், நம்முடைய 2009 கல்வி உரிமைச் சட்டமே ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் இருக்க வேண்டும் என்கிறது.

கோ-கோ ஆடும்போது பார்த்திருக்கிறீர்களா? துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் இந்தப் பக்கம் அடுத்தவர் அந்தப் பக்கம் என்று முகம் திருப்பிக் குத்துக்காலிட்டிருப்பார்கள். எதிராளி மூக்குக்கு நேரே ஓடினாலும், துரத்தி ஓடும் தன் அணிக்காரர் முதுகில் தட்டி "கோ" சொல்லும்வரை எழக்கூடாது, எழுந்தால் ஃபவுல். வகுப்பில் ஐந்து நிமிடம் பொறுக்காத பையன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். யாரும் அதட்டவில்லை, ஆட்டம் அப்படி. அந்தப் பொறுமை மெல்ல வகுப்புக்கும் வருகிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

சென்ற பருவத்திலிருந்து புதன்கிழமை மாலைகளில் செஸ், நாடகம், தோட்டம் என்று மூன்று மன்றங்கள் நடக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற ஒரு பிள்ளைக்கு நாடகத்தில் நாலு வரி வசனம் கிடைத்தது. வீட்டுக்கு எடுத்துப்போய், பாட்டியை எதிரே உட்கார வைத்து, திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். பாடப் புத்தகத்தை அப்படிப் படி என்று சொல்லியிருந்தால் நடந்திருக்குமா, சந்தேகம்தான். மார்க் ஏறியதா என்று கேட்பீர்கள். ஒரு பருவத்தில் ஏறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் புதன்கிழமை வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' குறைந்திருக்கிறது, நேரில் வந்து பார்க்கலாம்.

சரி, செலவு. கருவேலத்தை வேரோடு பிடுங்கி, செம்மண் அடித்து மேடு பள்ளம் நிரவ 75,000 ரூபாய். கோ-கோ கம்பம், வாலிபால் வலை, பந்துகள், ஸ்கிப்பிங் கயிறு, செஸ், கேரம் எல்லாம் சேர்த்து 30,000. ஒரு சின்ன மேடையும் அதற்குத் தகரக் கூரையும் 35,000. மொத்தம் 1,40,000, முன்னாள் மாணவர்கள் சிலர் கொடுத்து 52,000 கையில் இருக்கிறது. மிச்சம் 88,000. பீரோ வாங்கவில்லை, காரணம் இருக்கிறது: பந்து உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து எல்லாவற்றையும் பூட்டி வைப்பதுதான் பல பள்ளிகளில் வழக்கம். நம்ம பள்ளியில் சாமான்கள் திறந்த அலமாரியில் இருக்கும், எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கும் பொறுப்பு ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. உடைந்தால் உடையட்டும், அதற்குத்தானே வாங்குகிறோம்.

ஐம்பது ரூபாயும் வாங்கிக்கொள்வோம், ரசீது உண்டு. தலைமையாசிரியர் அறையில் நேரில் கொடுக்கலாம், வெளியூரில் இருப்பவர்கள் குழு உறுப்பினர் யாரையாவது கேட்டால் பள்ளிக் கணக்கு விவரம் தருவார்கள். வரவு செலவை மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பணம் முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள், டிராக்டர் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் சும்மா கிடக்கும் கேரம் போர்டும் தரலாம், ஆனால் காய்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தாருங்கள், ஸ்ட்ரைக்கர் இல்லாத போர்டு ஏற்கெனவே மூன்று வந்து கிடக்கிறது.