செர்பென்டினைட் மட்டும் சாட்சியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவின் மேற்கே உள்ள கலேம்யோ மலைகளின் பச்சைப் பாறைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அங்கே செர்பென்டினைட், அதாவது நீர் சேர்ந்து மாறிய பச்சைப் பாறை, கிடைப்பதை வைத்தே அது நடுக்கடல் முகட்டில், அதாவது புவித் தட்டுகள் விலகிப் புதுக் கடல்தளம் உண்டாகும் இடத்தில், பிறந்த கடல்தளம் என்று முடிவு கட்டிவிட்டது. பழைய கடல்தளமும் அதன் அடியிலிருந்த மேன்டில் (புவியோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பாறையும் சேர்ந்து நிலத்தின்மேல் ஏறிய துண்டுதான் ஓபியோலைட், அதுவரை சரி. அந்தத் துண்டு எங்கே உருவானது என்பதற்குச் செர்பென்டினைட்டின் சாட்சியம் போதாது.

மேன்டிலின் முக்கியப் பாறையான பெரிடோடைட்டில் பெரும்பகுதி ஒலிவின் என்ற கனிமம். ஏறக்குறைய 400 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீர் சேர்ந்தால் ஒலிவின் செர்பென்டைன் கனிமமாக மாறும்; அது நிறைந்த பாறையே செர்பென்டினைட். கூடவே புரூசைட்டும் மேக்னடைட்டும் உண்டாகும், ஹைட்ரஜனும் வெளியேறும். நீரோடு ஒப்பிட 3.3 ஆக இருந்த பாறையின் அடர்த்தி 2.6 அளவுக்கு இறங்கிவிடும். முழுவதும் மாறிய பாறையின் எடையில் 13 சதவீதம் வரை நீர்தான். அந்த நீர் கடலடிப் பிளவு வழியாக இறங்கியிருக்கலாம்; ஒரு தட்டு இன்னொன்றின் கீழே செருகும்போது செருகும் தட்டிலிருந்து பிழிந்து மேலேறியிருக்கலாம்; பாறை நிலத்துக்கு வந்தபின் ஊறிய மழைநீராகவும் இருக்கலாம். ஒரே பாறைக்குள் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருப்பது சாதாரணம். செர்பென்டைன் வகைகளில் லிசார்டைட், கிரிசோடைல் என்றால் குறைந்த வெப்பம், ஆன்டிகோரைட் என்றால் கூடிய வெப்பம் என்று பிரிக்கலாம்தான். அதுவும் நீர் புகுந்த நேரத்துக் கதை. பாறையின் பிறப்பு அதற்கு முந்தியது.

பிறப்பைத் தேட, மாற்றத்துக்கு முன் இருந்ததன் மிச்சத்தைப் பிடிக்க வேண்டும். முதலில் பைராக்சீன் என்ற கனிமம். செர்பென்டைனாக மாறிய பிறகும் பைராக்சீன் தன் பழைய உருவை விடாது. உடைத்த முகத்தில் மினுக்கும் தட்டைகளாகக் கைலென்ஸிலேயே தெரியும். அதன் ஒரு வகையான கிளைனோபைராக்சீன் 5 சதவீதத்தைத் தாண்டினால் லெர்சோலைட், அதாவது அதிகம் உருகிப்போகாத மேன்டில். அதற்குக் குறைந்து மற்றொரு வகையான ஆர்த்தோபைராக்சீன் நிறைய இருந்தால் ஹார்ஸ்பர்கைட்.

அடுத்தது குரோம் ஸ்பினெல் என்ற கனிமம். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த மென்சீவலில் செம்பழுப்பாக ஒளி விடும் மணி. குரோமிய அணுக்களின் எண்ணிக்கையைக் குரோமிய, அலுமினிய அணுக்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண்தான் இந்தத் துறையின் அளவுகோல். நிலவியலாளர்கள் டிக், புல்லன் இருவரும் 1984இல் காட்டியபடி, இன்றைய நடுக்கடல் முகட்டுப் பெரிடோடைட்டுகளில் அது பொதுவாக 0.6ஐத் தாண்டுவதில்லை. தாண்டினால் செருகு மண்டலத்தின் (ஒரு தட்டு இன்னொன்றின் கீழே செருகும் இடம்) பக்கம் சந்தேகம் வலுக்கும். தாண்டாவிட்டால் இரண்டு வாய்ப்பும் திறந்தே இருக்கும். இதை மறந்து எழுதுகிறவர்கள் அதிகம்.

தவறு பெரும்பாலும் மணியின் விளிம்பில்தான் நடக்கிறது. மாற்றத்தின்போது விளிம்பிலிருந்து அலுமினியமும் மக்னீசியமும் கழன்றுவிடும். குரோமியமும் இரும்பும் தங்கும். அந்த விளிம்பில் நுண்ணாய்வுக் கருவியின் கதிரை வைத்தால் எண் பொய்யாக உயர்ந்து, சாதாரண முகட்டுப் பாறைகூடச் செருகு மண்டலப் பாறையாக வேடம் போடும். முதலில் எலக்ட்ரான் படத்தில் கருவையும் விளிம்பையும் பிரித்துப் பார்த்து, கருவில் மட்டும் அளக்க வேண்டும். கருவே மாறியிருந்தால் அந்த மணியை விட்டுவிடுவதுதான் நேர்மை. முழுப்பாறைப் பகுப்பாய்விலும் இதே வம்பு உண்டு. பேரியம், ஸ்ட்ரான்சியம், யுரேனியம் ஆகியவற்றை நீரே கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் அவற்றின் மிகுதியைக் காட்டி எரிமலை வில் (செருகு மண்டலத்தின் மேல் எழும் எரிமலை வரிசை) என்று வாதிட முடியாது. சுட்டபின் இழக்கும் எடையைக் கழித்து, நீரற்ற கணக்குக்கு மாற்றாமல் இரண்டு பாறைகளை ஒப்பிடுவதும் வீண்.

பர்மாவில் ஓபியோலைட்டுகள் இரண்டு வரிசையாகக் கிடக்கின்றன. மேற்கே சின், நாகா மலைகளை ஒட்டி ஒன்று. கிழக்கே தகவுங், மிச்சினா வழியாக மற்றொன்று. 2016இல் வெளியான, சிர்கான் என்ற கனிமத்தை வைத்துக் கணித்த வயதுகள் கலேம்யோவுக்குச் சுமார் 12.7 கோடி ஆண்டு, மிச்சினாவுக்குச் சுமார் 17.3 கோடி ஆண்டு என்கின்றன. இரண்டையும் ஒரே கடலின் ஒரே முகடு என்று கட்டுரை கலந்தது பொருந்தாது. பெரிடோடைட்டில் சிர்கான் பொதுவாகக் கிடைக்காது. கப்ரோ போன்ற துணைப் பாறைகளில்தான் தேட வேண்டும். ஆகவே அந்த எண்களைச் செர்பென்டினைட் உண்டான வயதாகவோ, மலையேறிய வயதாகவோ படிக்கக் கூடாது.

கட்டுரை தொடாத ஒரு நல்ல சாட்சி மிச்சினா உள்ள கச்சின் மாநிலத்திலேயே இருக்கிறது: ஃபாகன்ட் ஜேட். அங்கே ஜேட் கல்லின் கனிமமான ஜேடைட் நரம்பாகச் செர்பென்டினைட்டை ஊடுருவி நிற்கிறது. சோடியமும் அலுமினியமும் சுமந்த திரவம் உயர் அழுத்தத்தில் மேன்டில் பாறைக்குள் புகுந்தால்தான் இப்படி அமையும். செருகு மண்டலத்தின் ஆழத்தில் அது நடக்கும். இதுவும் பின்னால் வந்த நிகழ்வுதான், ஆனால் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

பச்சைக் கல் வாங்குவோருக்கு ஒன்று. ஜேடைட்டின் அடர்த்தி 3.3 அளவு, செர்பென்டைனுடையது 2.6 அளவு. கல்லைக் காற்றில் ஒரு முறை, நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு ஒரு முறை எடை போட்டு, காற்று எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். நீருக்குள் கல் பாத்திரத்தைத் தொடக் கூடாது, ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எண் பிசகும். செர்பென்டினைட்டை அறுக்கிறவர்கள் உலர்வாக அறுக்க வேண்டாம். கிரிசோடைல் ஆஸ்பெஸ்டாஸ் வகை; அதன் நார் கண்ணுக்குத் தெரியாத தூசியாக நுரையீரலில் தங்கும். தண்ணீர் விட்டு அறுங்கள், சேற்றை உலரவிட்டுப் பெருக்காதீர்கள். துணி முகமூடி இதைத் தடுக்காது.

இப்படிக்கு,
நிலவியல் துறை வாசகர்,
யாங்கோன்