பீருக்குப் போனது போக மீதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீரில் பூச்சிமருந்து எச்சம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2016-ல் மியூனிக் சுற்றுச்சூழல் நிறுவனம் 14 ஜெர்மன் பீர்களைச் சோதித்து, எல்லாவற்றிலும் கிளைபோசேட் களைக்கொல்லியைக் கண்டதையும், உடம்புக்குக் கெடுதல் வர ஒரே நாளில் 1000 லிட்டர் குடிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு நிறுவனம் சொன்ன பதிலையும் போட்டிருந்தீர்கள். சரி, குடிக்கிறவர் கணக்கு அதோடு முடிந்தது. நான் மாடு வளர்க்கிறவன். என் கேள்வி, பீருக்குச் சாறு வடித்த பிறகு மிஞ்சும் பார்லிச் சக்கையைப் பற்றியது.

கிளைபோசேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் சாற்றோடு பாட்டில் வரை போய்விடுகிறது. எல்லா மருந்தும் அப்படியில்லை. முளைகட்டுவதற்காகப் பார்லியை ஊறவைத்துக் கொட்டும் தண்ணீரில் கொஞ்சம் போகும். கொழுப்பில் கரையும் ரகங்கள் பெரும்பாலும் உமியையும் சக்கையையும் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தில் ஒரு பங்கு ஈஸ்டோடு அடியில் தங்கும். வடிகட்டிய பீரில் இவை குறைவாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

அந்தச் சக்கைதான் எங்களிடம் 'பீர் மால்ட்' என்று வருகிறது. டெம்போவில் ஆவி பறக்க வந்து இறங்கும், கை வைத்தால் சுடும். முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் இரண்டு மூன்று நாளில் மேலே பூஞ்சணம் கட்டும். உப்பு தூவி டிரம்மில் அழுத்தி மூடி வைப்போம். பிண்ணாக்கு விற்கிற விலைக்கு இதை விட முடியாது, புரதமும் உண்டு.

2019-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வெளியிட்ட பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 88 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் அளவு மீறியிருந்தது. தீவனப் பூஞ்சையிலிருந்து பாலுக்கு ஏறிய நஞ்சு அது. பூச்சிமருந்து வரம்பு மீறியது நாடு முழுவதிலும் ஒரே ஒரு பால் மாதிரியில்தான், அதுவும் கேரளாவில். அதனால் யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் கொழுப்பில் கரையும் மருந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் பால் கொழுப்போடு வெளியே வரக்கூடும்.

எங்களுக்கு வரும் லோடோடு எடைச்சீட்டு மட்டும்தான் கிடைக்கிறது. பார்லி எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன தெளித்தார்கள் என்று கேட்டால் டிரைவர் சிரிக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பீரைச் சோதிக்கும் ஆலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கையிலும் ஒரு மாதிரி எடுத்து, முடிவை அந்தச் சீட்டின் பின்பக்கம் அச்சிட்டுத் தரட்டும். கால்நடை பராமரிப்புத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். சோதனைச் செலவை விற்கிற ஆலைதான் ஏற்க வேண்டும், வாங்குகிற எங்கள் தலையில் கட்டக் கூடாது.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர்,
உத்திரமேரூர் வட்டம்.