சைப்ரஸுக்கு விமானம் ஏற்றாதீர்கள்: இஸ்ரேல் தலைமை ரப்பிகளுக்குத் திறந்த மடல்

இஸ்ரேலின் யூத மதகுருக்களுக்குத் தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய ரப்பிகள் இருவருக்கும் வணக்கம். அந்நாட்டில் யூதர்களின் கல்யாணத்தைச் சட்டப்படி நடத்தும் அதிகாரம் உங்கள் அலுவலகத்திடமே இருக்கிறது.

2018 ஜூலையில் ஹைஃபாவில் ரப்பி டோவ் ஹையூனைப் போலீஸ் விடியற்காலையில் எழுப்பி விசாரணைக்குக் கூட்டிச் சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் செய்த குற்றம், கல்யாணம் நடத்தி வைத்தது. அவர் யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவு ரப்பி; நீங்களோ பழைய விதிகளை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு. உங்கள் பதிவேட்டுக்கு வெளியே நடத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

நான் யூதனல்லன்; யூதத் தத்துவ அறிஞர் டேவிட் ஹார்ட்மனைப் படித்தவன், அவ்வளவுதான். அவரும் உங்களைப் போல ஆர்த்தடாக்ஸ் ரப்பிதான். 1976இல் ஜெருசலேமில் நிறுவனம் தொடங்கி, எல்லாப் பிரிவினரையும் சேர்ந்து யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்தைப் படிக்க உட்காரவைத்தார். கடவுளின் சொல்லுக்கு எந்தத் தரப்பும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்பது அவர் வாதம்.

சோவியத் நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். தந்தைவழித் தாத்தா யூதர் என்பதால் குடியுரிமை கிடைத்தது. ராணுவத்தில் சேவை செய்தாள். ஆனால் தாய் யூதரல்லர்; உங்கள் விதிப்படி யூத அடையாளம் தாய்வழியே வரும். எனவே கல்யாணப் பதிவுக்கு வந்தால் நீங்கள் அவளை யூதப் பெண்ணாக ஏற்பதில்லை. சரி, சீர்திருத்தம் என்ற இன்னொரு பிரிவின் ரப்பியிடம் முறையாகப் படித்து மதம் மாறினாலோ? 2021இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய மதமாற்றம் குடியுரிமைக்குச் செல்லும் என்றது. உங்கள் மணப்பந்தலுக்கு மட்டும் செல்லாது. காதலனோடு சைப்ரஸுக்குப் போய், முன்பின் தெரியாத நகராட்சி அதிகாரி முன் கையெழுத்திட்டுத் திரும்புகிறாள். அரசு அதைப் பதிந்துகொள்கிறது! அமெரிக்காவின் யூட்டா அதிகாரி ஜூமில் நடத்தி வைப்பதும் பதிவாகிறது. ஜெருசலேமில் சீர்திருத்த ரப்பி நடத்தினால் பதிவாகாது. யூத மரபைக் காக்க யூட்டாவை நம்பலாம் போலும்.

இது புதிதுமில்லை. 1960களில் மும்பைப் பக்கமிருந்து வந்த பெனே இஸ்ரேல் யூதர்களின் கல்யாணத்துக்கும் பாட்டி, பூட்டி வரை விசாரிக்கச் சொன்னது உங்கள் அலுவலகம். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றமான நெசெட் தலையிட்ட பிறகுதான் இறங்கி வந்தது.

பண்டைய யூத அறிஞர்களான ஹில்லெல், ஷம்மாய் இருவரின் பள்ளிகள் மணவிதிகளிலேயே முரண்பட்டன. ஆயினும் ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. நீங்கள் அன்றாடம் படிக்கும் நூல். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பணிவோடு கேட்கிறேன்: மற்றப் பிரிவு ரப்பிகள் நடத்தும் திருமணங்களுக்கு வழிவிடுங்கள். ஏற்க மனம் வராவிட்டால், அதற்கான மசோதா நெசெட்டுக்கு வரும்போது எதிர்க்காமலாவது இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்